பாடாத பாட்டுக்குப் பெயர் வைத்தவள்

அவளுக்குப் பதவி உயர்வும் இடமாற்றமும் சேர்ந்து வந்த அதே வாரத்தில்தான் அவள் கணவனின் இசைக்குழு தன் முதல் முழு ஆல்பத்தை வெளியிட்டது. இரண்டில் எது பெரிய செய்தி என்று அந்த வீட்டில் யாரும் வாதாடவில்லை. ஆல்பம்தான் பெரிது. மற்றொரு செய்தி அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை.

லிஃப்ட் பராமரிக்கும் நிறுவனம் ஒன்றின் புகார்ப் பிரிவில் அவளுக்கு வேலை. எங்காவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர் சிவப்புப் பொத்தானை அழுத்துவார். மணி அவள் மேசையில் அடிக்கும். மெக்கானிக் போய்ச் சேரும்வரை அந்த மனிதரைப் பேச்சாலேயே தாங்கிப் பிடிக்க வேண்டும். பெரிய பெரிய அதிகாரிகள்கூட அவள் சொன்னபடி தரையில் உட்கார்ந்து, சொன்னபடி மூச்சுவிட்டு, சொன்னபடி கழுத்துப் பொத்தானைத் தளர்த்தியிருக்கிறார்கள். ஒரு வார்த்தை விடாமல் கேட்பார்கள். கேட்காமல் எங்கே போவது, கதவுதான் மூடியிருக்கிறதே.

அவனுக்குக் காது கேட்கும் கருவி விற்கும் கடையில் வேலை. வருகிறவர்களைக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, “இப்ப கேக்குதா? இப்ப?” என்று நாள் முழுக்கச் சோதிப்பான். கதைக்காகச் சேர்த்ததுபோல இருக்கிறது, என்ன செய்ய, அவன் வேலை அதுதான். காதும் லேசுப்பட்டதல்ல. பக்கத்து வீட்டுக் குளிர்பதனப் பெட்டி எந்தச் சுரத்தில் முனகுகிறது என்று படுத்தபடியே சொல்லுவான். கல்யாணத்துக்கு முன்னால் ஒருநாள், அவள் சிரிப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கிட்டாரில் வாசித்துக் காட்டினான். அதில்தான் அவள் விழுந்தாள். இப்படி ஒரு காது உள்ளவன் வாழ்நாள் முழுக்கத் தன்னைக் கேட்பான் என்று நம்பிவிட்டாள், பாவம்.

அவன் குழுவின் பெயர் ஈரப்பதம். மொத்தம் மூன்று பேர். கிட்டார் அவன். டிரம்ஸ் வாசிப்பவனுக்குப் பட்டப்பெயர் இடி. நேரில் பேசினால் எறும்புக்குக்கூடக் கேட்காது. பேஸ் கிட்டார்க்காரனுக்குக் கட்டை என்று பெயர். பாடகர் கிடையாது. அவர்கள் வாசிக்கிற வகை இசையில் பாடகர் இருந்தால் மரியாதைக் குறைவு. பாட்டு தொடங்கிவிட்டதா இல்லையா என்பது தெரியவே சில நிமிடங்கள் பிடிக்கும். பிறகு கிட்டார் ஒரே சுரத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும், யாரோ பூட்டிய வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி. கேட்பவர் இனி ஒன்றும் நடக்காது என்று முடிவுகட்டும் நேரத்தில் இடி இறங்குவான்; கூரையே பெயர்ந்து விழும். அப்புறம் மறுபடி நிசப்தம். மேடையில் இவர்கள் வாய் திறக்கக் கூடாது, கூட்டத்தை நிமிர்ந்து பார்க்கக் கூடாது. காலடியில் வரிசையாக இருக்கும், கிட்டாரின் ஒலியை மாற்றும் பெடல்களைப் பார்த்தபடி குனிந்தே நிற்க வேண்டும். இதையெல்லாம் யார் சட்டம் போட்டார்களோ, உலகத்தில் உள்ள அத்தனை குழுக்களும் ஒழுங்காகப் பின்பற்றுகின்றன.

மாற்றல் கடிதம் வந்த மாலை அவன் தரையில் உட்கார்ந்து பெடல்களுக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தான். அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“எனக்கு மாத்தல் வந்திருக்கு. புது ஊர்ல புகார்ப் பிரிவு தொறக்கிறாங்க, அதுக்கு நான்தான் தலைமை. வீடு அவங்களே குடுக்கறாங்க. தனியா வந்தா ஒரு அறை, குடும்பத்தோட வந்தா ரெண்டு. எதுன்னு மாசக் கடைசிக்குள்ள சொல்லணும்.”

“சரிம்மா,” என்றான் அவன்.

“என்ன சரி?”

“நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

ஏழு வருஷம் காத்திருந்து கிடைத்த பதவி. அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில். அவன் வருவானா, மாட்டானா. ‘மாட்டேன், என் குழு இங்கே இருக்கிறது’ என்று சொல்லியிருந்தால்கூட அழுது, சண்டை போட்டு, ஏதாவது ஒரு வழி பண்ணியிருப்பாள். சரிம்மா என்பதை வைத்துக்கொண்டு எத்தனை அறை கேட்பது?

வெள்ளிக்கிழமை ஆல்பம் வெளியானது. பெயர் ‘அறை வெப்பநிலை’. அவள் அலுவலகத்தில் இருந்தபோது அவளுடைய அக்கா போன் செய்தாள்.

“ஏண்டி, உங்க வீட்டுச் சண்டைய எதுக்கு ஊர் முழுக்க விக்கறீங்க?”

தலையும் புரியாமல் வாலும் புரியாமல் அவள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தாள். மங்கலான மலை ஒன்றின் படம். மலைக்கும் வெப்பநிலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது, இந்த வகை ஆல்பம் எல்லாவற்றிலும் ஒரு மலை இருக்கும். கீழே ஐந்து பாட்டுகளின் பெயர்கள்.

ஈரத் துண்ட மெத்த மேல போடாதேன்னு எத்தன தடவ.
பதில்கூட வேண்டாம், இந்தப் பக்கம் பாத்தா போதும்.
உங்க அம்மாகிட்ட மட்டும் உனக்கு வாய் இருக்கு.
நான் பேசினது சுவத்துக்குக் கேட்டிருக்கும்.
சரி விடு, ஒண்ணுமில்ல.

ஐந்தும் அவள் சொன்னவை. ஒரு எழுத்து பிசகவில்லை. மூன்றாவதை எந்த ஞாயிற்றுக்கிழமை சொன்னாள் என்றுகூட அவளுக்கு நினைவு இருந்தது. ‘சரி விடு, ஒண்ணுமில்ல’தான் இருப்பதிலேயே நீளமான பாட்டு, அதைப் பார்த்தபோது மட்டும் அவளுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. பிறகு கோபம் வந்தது. மானம் கப்பலேறியதைவிட அவளைச் சுட்டது வேறு விஷயம். இத்தனை நாளும் அவன் கேட்கவில்லை என்று நினைத்திருந்தாள். கேட்டிருக்கிறான். கேட்டு, போனில் குறித்து வைத்திருக்கிறான். அந்த ஈரத் துண்டை மட்டும் இன்றுவரை எடுத்துக் காயப்போடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். அவன் அசடு வழிந்தான்.

“பாட்டுல வரி கிடையாதில்ல? பேருதான் எல்லாம். நான் யோசிச்சா ‘மேகம்’, ‘தூரம்’ன்னுதான் வருது. நீ சும்மா பேசினாலே அப்படி வந்து விழுது. நான் என்ன பண்றது?”

அது அவனுக்குத் தெரிந்த பாராட்டு. மனதாரச் சொன்னான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

புதிய குழுக்களின் வெளியீடுகளை வாராவாரம் அலசும் ஓர் இணைய இதழ் உண்டு. அதில் எழுதும் விமர்சகர் இந்த வகை இசையைக் கரைத்துக் குடித்தவர். எந்தக் குழு வந்தாலும் ‘பனிப்பாறை’, ‘விடியல்’, ‘எல்லையின்மை’ என்ற மூன்று சொற்களை மாற்றி மாற்றி அடுக்கி வேலையை முடித்துவிடுவார். ஈரப்பதத்தின் முந்தைய சின்ன வெளியீட்டில் பாட்டுகளுக்குப் பெயரே இல்லை. அதற்கு ஒற்றை வரியில் ‘முயற்சி தெரிகிறது’ என்று எழுதியிருந்தார். இந்த முறை ஒரு பக்கம். ‘ஈரத் துண்டு என்பது நம் காலத்தின் பனிப்பாறை’ என்று தொடங்கி, ‘இவ்வளவு தனிமையை ஒரு ஆண் மனம் எங்கிருந்து பெற்றது’ என்று வியந்திருந்தார். அவன் அதை அவளிடம் உரக்க வாசித்துக் காட்டினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தட்டுகளைக் கழுவினாள்.

அதற்குப் பிறகு அவள் வீட்டில் வாயைத் திறப்பதையே நிறுத்திவிட்டாள். திறந்தால் ஆறாவது பாட்டு. ‘உப்பு எடு’, ‘கேஸ் முடிஞ்சிருச்சு’ என்ற அளவில் பேச்சு நின்றது. நடுவில் ஒருமுறை, பல் தேய்த்துக்கொண்டிருந்தவனிடம், “வீடு விஷயம் கேட்டாங்க, என்ன சொல்ல?” என்றாள். அவன் நுரை வாயோடு தலையாட்டினான். ஆமாவா இல்லையா என்று அந்த ஆட்டத்தில் கண்டுபிடிக்க அவளால் முடியவில்லை.

வீடு அமைதியானதில் ஒரே ஒருவனுக்குத்தான் நஷ்டம். குழு அடுத்த வெளியீட்டைத் தயார் செய்துகொண்டிருந்தது. ஒரே பாட்டு, இருபத்திரண்டு நிமிடம். வெளியீட்டு நிகழ்ச்சிக்கு அரங்கம்கூடப் பேசியாகிவிட்டது. விமர்சகர் நேரில் வருவதாகச் சொல்லியிருந்தார். பாட்டுக்குப் பெயர் மட்டும் இல்லை.

ஒரு சனிக்கிழமை, அவன் கடையில் இருந்த நேரமாகப் பார்த்து, இடியும் கட்டையும் வீட்டுக்கு வந்தார்கள். கையில் ஒரு பை ஆப்பிள். சோபாவின் நுனியில் உட்கார்ந்துகொண்டு ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

“அண்ணி, ஒரு உதவி,” என்றான் கட்டை.

“சொல்லுங்க.”

“தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க இப்பல்லாம் அண்ணன்கூடச் சண்டையே போடறதில்லையாமே.”

அவள் மூக்கின் மேல் விரல் வைக்காத குறை. கல்யாண வீட்டில் சமாதானம் பேச வருகிறவர்களைப் பார்த்திருக்கிறாள். சண்டை கேட்டு ஆப்பிளோடு வந்தவர்களை இப்போதுதான் பார்க்கிறாள்.

“பெரிசா வேண்டாம் அண்ணி,” என்றான் இடி, காற்றோடு காற்றாக. “ஒரு வரி போதும். நாங்களும் முயற்சி பண்ணிப் பாத்தோம். கட்டை அவன் வீட்ல சண்ட போட்டான். அவங்க வெறும் கெட்ட வார்த்தையாத் திட்டறாங்க. போஸ்டர்ல போட முடியாது.”

“போட்டா ஜெயிலுக்குப் போகணும்,” என்று கட்டை ஒப்புக்கொண்டான்.

அவளுக்குச் சிரிப்பதா துரத்துவதா என்று தெரியவில்லை. “பாக்கலாம்,” என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பிவைத்தாள். ‘பாக்கலாம்’ என்றால் ‘கிளம்புங்கள்’ என்று அர்த்தம். உலகத்தில் எல்லோருக்கும் தெரியும். இவர்கள் வாசலைத் தாண்டியதுமே அவனுக்குப் போன் போட்டு, “அண்ணி ஒத்துக்கிட்டாங்க, எப்ப வேணாலும் வரும், ரெடியா இரு,” என்று சொல்லிவிட்டார்கள். இது அவளுக்குத் தெரியாது.

மாதக் கடைசி நெருங்கியது. மேலாளர் இருமுறை நினைவூட்டிவிட்டார். அன்று காலை அவள் ஒரு மணி நேரத்துக்கு மேலாக ஒரு மூதாட்டியைப் பேச்சிலேயே தாங்கி வெளியே கொண்டுவந்திருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் அவளுக்கு ஒன்று தோன்றியது. முன்பின் தெரியாதவர்களிடம் எவ்வளவு பக்குவமாகப் பேசுகிறோம். இவனிடம் மட்டும் கைப்பையை மாட்டிக்கொண்டும், பல் தேய்க்கும்போதும் பேசினால் எப்படிக் கேட்பான்? அவன்மேல் தப்பு இருக்கிறது, நம்மேலும் இருக்கிறது. அலுவலகத்தில் புதிதாக வருபவர்களுக்கு அவளே பாடம் எடுப்பாள். மாட்டிக்கொண்டவரிடம் நீட்டி முழக்காதே. அடுத்து என்ன நடக்கும் என்று சொல். பிறகு, பதில் சொல்லியே ஆக வேண்டிய கேள்வி ஒன்று கேள்.

அவன் ஜன்னலருகே கிட்டாருக்குப் புதுத் தந்தி மாட்டிக்கொண்டிருந்தான். அவள் முகம் கழுவி, ஒரு நாற்காலியை இழுத்து அவன் எதிரில் போட்டு உட்கார்ந்தாள். தந்தியை முறுக்கி முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“ஒண்ணாந்தேதி நான் கிளம்பறேன். நீ வர்றியா இல்லையா, அத மட்டும் சொல்லு.”

அவன் நிமிர்ந்தான். நெடுநாளைக்குப் பிறகு அவளை முழுசாகப் பார்த்தான். முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. கண்கள்கூடக் கலங்கியதுபோல இருந்தன. இவ்வளவுதானா, இப்படி உட்கார்ந்து கேட்டிருந்தால் போதுமா, இதற்கா இத்தனை நாள் புழுங்கினோம் என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள். சந்தோஷத்தில் அவன் முழங்காலைத் தொட்டாள்.

“இன்னொரு தடவ சொல்லு,” என்றான் அவன்.

சொன்னாள். அதே சொற்களை, இன்னும் மெதுவாக.

அவன் போனை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தான். அடித்துவிட்டு வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தான். “அருமை,” என்றான். “கேள்வியாவே நிக்குது பாரு, அதான் அழகு. இருபத்திரண்டு நிமிஷத்துக்கு இதவிடப் பொருத்தமாக் கிடைக்காது. ரொம்ப தேங்க்ஸ்மா. பசங்க சொன்னாங்க, ஆனா நீ இவ்வளவு சீக்கிரம் குடுப்பேன்னு எதிர்பாக்கல.” அதற்குள் இடிக்குப் போன் போய்விட்டது. “கிடைச்சிருச்சுடா.”

அவள் எழுந்து குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, அங்கே நின்றபடியே மேலாளருக்குப் பதில் அனுப்பினாள். ஓர் அறை போதும்.

மறுபடி ஒரு தடவை சொல்லியிருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். கேட்கிறவர்கள் ஒரு தடவையாவது தங்கள் மனதை அப்படி நீட்டி, அது போனில் ஏறுவதைப் பார்த்துவிட்டு வந்து கேட்கட்டும்.

நிகழ்ச்சி மாதத்தின் கடைசி நாள் மாலை நடந்தது. ஒரு மரச்சாமான் கடைக்கு அடியில் இருந்த நிலவறைதான் அரங்கம். அறுபது பேர் இருந்தால் அதிகம். எல்லோரும் கறுப்புச் சட்டை, மார்பில் கட்டிய கை. விமர்சகர் முன்வரிசையில் இருந்தார். எழுத்தில் இருந்த பனிப்பாறை ஆளில் இல்லை, குள்ளமாக, ஜலதோஷத்தோடு இருந்தார். அவள் பின்சுவரோரமாக நின்றுகொண்டாள். போகும் முன் ஒருமுறை கேட்டுவிட்டுப் போவோம் என்றுதான் வந்தாள். வேறு எதையும் எதிர்பார்க்கவில்லை என்று சொல்லிக்கொண்டாள். அது முழு உண்மை இல்லை.

விளக்குகள் அணைந்தன. மேடைக்குப் பின்னால் வெள்ளைச் சுவரில் பெரிய எழுத்தில் பாட்டின் பெயர் விழுந்தது.

ஒண்ணாந்தேதி நான் கிளம்பறேன். நீ வர்றியா இல்லையா, அத மட்டும் சொல்லு.

கூட்டத்தில் யாரோ “அம்மாடி,” என்று மெதுவாகச் சொன்னார்கள். பாட்டு தொடங்கியது.

அவளுக்கு எரிச்சல் வந்திருந்தால் வசதியாக இருந்திருக்கும். வரவில்லை. பாட்டு நன்றாக இருந்தது. கிட்டார் ஏதோ கேட்டது; யாரும் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டது, கொஞ்சம் தள்ளி நின்று. பேஸ் அதன் கூடவே நடந்து வருவதுபோல வந்து, பாதியில் வேறு பக்கம் திரும்பிப் போய்விட்டது. பாதிக்கு மேல் ஓரிடத்தில் எல்லாம் அடங்கி, கிட்டார் மட்டும் ஒற்றைச் சுரத்தில் காத்திருந்தது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அவள் நின்ற நிமிடம் அப்படியே அதில் இருந்தது. இவன் விரல்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. விரலிலிருந்து தலைக்குப் போகும் வழியில்தான் எங்கோ அறுந்துபோயிருக்கிறது. இடி இறங்கியபோது அவள் அழுதாள். பக்கத்தில் இருந்த நாலைந்து பேரும் அழுதார்கள், அதனால் யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பாட்டு முடிந்தது. முடிந்துவிட்டதா என்று யாருக்கும் நிச்சயமில்லாததால் கைதட்டல் தாமதமாக வந்தது. பிறகு நிற்கவில்லை. அவன் கிட்டாரைக் கழற்றிவிட்டு, வேர்வையோடு நேராக அவளிடம் வந்தான். பின்னாலேயே விமர்சகரும் வந்து சேர்ந்தார். சுற்றி ஒரு சின்னக் கூட்டம் கூடிவிட்டது.

“ஒரே ஒரு சந்தேகம்,” என்றார் விமர்சகர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. “அந்த ஆள் கடைசில போனானா, இல்லையா?”

“அத நான் சொல்லக் கூடாதுங்க,” என்றான் அவன். “நாம எல்லாருமே யாரையோ எங்கேயோ விட்டுட்டுத்தானே இருக்கோம். பதில் கேக்கறவங்க மனசுல இருக்கு.”

விமர்சகர் கண்ணை மூடித் திறந்தார். “அடடா,” என்றார்.

“போகல,” என்றாள் அவள். “டிக்கெட் ஒண்ணுதான் எடுத்திருக்கு.”

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். “அது!” என்று ரசித்தார் விமர்சகர். அவன் பெருமையாகச் சிரித்தான். பழக்க தோஷம், கை தானாகப் போனை எடுத்தது. ‘போகல’ என்று அடித்தான். ‘டிக்கெட்’ என்று அடித்தான். அதோடு விரல் நின்றது.

“எந்த டிக்கெட்?”

“ரயில் டிக்கெட். நாளைக்குக் காலைல. பெட்டி கட்டிட்டேன், கட்டிலுக்கு அடியில இருக்கு.”

“எங்கிட்ட எப்ப சொன்ன?”

அவள் மேடைப் பக்கம் பார்த்தாள். புரொஜக்டரை யாரும் இன்னும் அணைக்கவில்லை. அவன் அவள் பார்வை போன திசையில் திரும்பி, சுவரைப் பார்த்தான். புதிதாக எழுத்துக்கூட்டக் கற்றவன்போல, உதடு அசைய, முதல் சொல்லிலிருந்து படித்தான். கடைசிச் சொல்லுக்கு வந்து நின்றான். மறுபடி முதலிலிருந்து தொடங்கினான், பாதியில் தலை கவிழ்ந்தது.

அரங்கம் அமைதியானது. கிட்டார்க்காரன் தலைகுனிந்து நிற்கிறான், ஒரு சத்தமும் இல்லை. இந்தக் கூட்டத்துக்கு இது பழக்கமான விஷயம். இன்னொரு பாட்டு தொடங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார்கள். ஒவ்வொருவராகக் கையைக் கட்டிக்கொண்டார்கள். விமர்சகர் கண்களை மூடி, மெல்லத் தலையை அசைக்கத் தொடங்கினார்.

“நான்...” என்றான் அவன். அவன் முகம் வெளுத்திருந்தது. இவ்வளவு காலமாக அவளுக்கு வேண்டியிருந்த முகம் அது. ஒரு மாதம் முன்னால் கிடைத்திருந்தால் இரண்டு அறை கேட்டிருப்பாள்.

“பாட்டு நல்லா இருந்துச்சு,” என்றாள் அவள். கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்மூடி நின்றவர்கள் மேல் படாமல் விலகி விலகி, மாடிப்படி ஏறினாள்.